நீல முனை

ஷர்மிளாவின் கண் போனதற்கு அவளுடைய சுத்தம்தான் காரணம் என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான். கொஞ்சம் அசட்டையான பெண்ணாக இருந்திருந்தால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வேலையை முடித்திருப்பாள். இவள் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

சானடோரியத்தில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே மெப்ஸ். ஏற்றுமதிக் கம்பெனிகள் அடைந்து கிடக்கும் அந்த வளாகத்தில், இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், அவள் வேலை பார்த்த கம்பெனியும் ஒன்று. பனையூர் குப்பத்திலிருந்து கம்பெனி வேனில் சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று சுற்றிக்கொண்டு வருவாள். அம்மா சுப்புலட்சுமி கூடை தூக்கி மீன் விற்கிறவள். அப்பா கடலுக்குப் போய் அப்படியே போனவர். வீட்டில் மீன் வாசனை இல்லாமல் சம்பாதித்த முதல் ஆள் ஷர்மிளா. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. காலையில் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிக்காமல் வேனில் ஏற மாட்டாள்.

அவர்கள் செய்த சாமான் ஒரு பீடி அளவுக்கு இருக்கும். எஃகுக் குழாய். ஒரு பக்கம் முடியைப் போல ஒரு கண்ணாடி இழை உள்ளே போகும், மறுபக்கம் இரண்டு இழை வெளியே வரும். உள்ளே போகிற இழையில் இரண்டு ஒளி சேர்ந்து வரும். ஒளி என்றதும் பளிச்சென்று எரியும் என்று நினைக்கக் கூடாது. அலைநீளம் வேறு வேறான அந்த இரண்டுமே நம் கண்ணுக்குத் தெரியாத ரகம். ஒன்று, கடலுக்கடியில் போகிற கேபிளில் போன் பேச்சையும் இன்டர்நெட்டையும் சுமந்துகொண்டு போவது. அதை சிக்னல் என்பார்கள். மற்றது, தூரம் போய்க் களைத்துப்போன சிக்னலுக்குத் தெம்பு ஊட்டுவது. அதற்குப் பம்ப் என்று பெயர். பம்ப் முரட்டு ஒளி. சிக்னல் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்த இரண்டையும் பிரிப்பதற்குக் குழாய்க்குள் கடுகளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதன் மேல் பூச்சுக்கு மேல் பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு ஒரு அலைநீளத்தை உள்ளே விடும், இன்னொன்றைத் திருப்பி அனுப்பும். கரைக்கு வந்த வலையிலிருந்து சுப்புலட்சுமியின் கை இனம் பார்த்து மீனைப் பிரித்துப் போடுவதுபோல, அது பாட்டுக்குப் பிரித்துப் போடும். பம்ப் வெளியே வரும் இழைக்குச் சிவப்பு உறை. சிக்னல் வெளியே வரும் இழைக்கு நீல உறை. கம்பெனிக்கு வந்த அன்றைக்கே எல்லாப் பெண்களும் கற்றுக்கொள்ளும் பாடம் இது.

ஷர்மிளாவுக்குச் சோதனை மேஜை. இழையின் முனையில் தூசி இருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும். ஆகவே ஒவ்வொரு முனையையும் மீட்டரில் செருகுமுன் ஸ்பிரிட்டில் துடைத்து, கைக்கு அடக்கமான ஒரு மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். பம்ப் கண்ணைச் சுடும் என்பதால் பார்க்குமுன் அதை அணைக்க வேண்டும் என்பது விதி. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பம்ப் நிதானத்துக்கு வர நேரம் பிடிக்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சோதித்த சாமானை அடுக்கும் தட்டு சாயங்காலம் நிறையாது, சூப்பர்வைசர் முகம் கோணும். ஆகவே பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிவப்பு முனைக்கு மட்டும் பம்பை அணைத்தார்கள். நீல முனையில் பம்ப் வராது என்பது தெரிந்த சங்கதிதானே, அதற்கு எதற்கு அணைப்பது? இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து மேஜையைப் பார்த்துப் பழகினது. மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். தட்டு நிறைந்தால் யாருக்குத்தான் கண் தெரியும்.

அந்த மாதம், எதிர்மாறாகப் பிரிக்கிற சாமானும் வேண்டும் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டர் கொடுத்திருந்தது. அதற்கென்று வேறு பூச்சு பூசிய சில்லுகள் வந்தன. இரண்டு சில்லும் பார்வைக்கு ஒன்றேதான். சில்லு ஒட்டுகிற அறையில் எவளோ ஒருத்தி தட்டை மாற்றி வைத்துவிட்டாள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது.

மாறின சில்லு போட்ட, பம்ப் நீல முனைக்கே வரும் ஒரு குழாய் ஷர்மிளாவிடம் வந்தது. முற்பகல் நேரம். நீல முனையைத் துடைத்தாள். மைக்ராஸ்கோப்பில் வைத்து வலது கண்ணால் பார்த்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை. சூடு தெரியவில்லை. வட்டமாக இழை தெரிந்தது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்தாள். மறுபடி துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. புது டிஷ்யூ எடுத்து, ஸ்பிரிட்டைத் தாராளமாக விட்டுத் துடைத்து, இந்த முறை நிதானமாக, நன்றாகவே பார்த்தாள். அழுக்கு பெரிதாகியிருந்தது. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்தாள். அப்புறமும் பார்த்தாள். பாவி, அது இழையில் இருந்த அழுக்கு இல்லை, அவள் கண்ணிலேயே எரிந்துபோன இடம் என்று எப்படித் தெரியும்?

அலுத்துப்போய் முனையை மீட்டரில் செருகினாள். சிவப்பில் வர வேண்டிய எண் நீலத்தில் நின்றது. என்ன கூத்து இது என்று ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இடது கையால் இடது கண்ணை மறைத்தபடி பார்த்தபோது கடிகாரம் இருந்தது, அதன் நடுவில் முள் இல்லை.

சூப்பர்வைசர் ஏகநாதன் வந்து மீட்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. குழாயைப் பிடுங்கி இழையைச் சுருட்டிக் கழிவு டப்பாவில் போட்டார். பிறகுதான் ஆட்டோ கூப்பிட்டார். அந்த வரிசையை ஷர்மிளா கவனித்தாள். எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகுநேரம் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, பார்வையின் மையம் வெந்துவிட்டது, ஓரத்தில் தெரிவது தெரியும், நடுவில் போனது போனதுதான் என்று நல்லவிதமாகவே எடுத்துச் சொன்னார். மருந்து உண்டா என்று சுப்புலட்சுமி திரும்பத் திரும்பக் கேட்டாள். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அது அம்மாவின் மனசுக்கு.

விஷயம் கடல் கடந்து போய்விட்டது. ஒரு பெண்ணுக்குக் கண் போயிருக்கிறது, நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகச் செய்தி. மேனேஜர் ராஜகோபால் கணக்குப் போட்டுப் பார்த்தார். நீல முனையில் பம்ப் வந்தது என்றால் சில்லு மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மாறியிருந்தால் எத்தனை மாறியதோ என்பார்கள். போன சரக்கு மொத்தமும் திரும்பி வரும், அடுத்த ஆர்டர் வராது. உலகம் முழுக்க அந்தத் தொழிலே படுத்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு கம்பெனிகள் அதற்குள் பூட்டுப் போட்டுவிட்டன. அவர்களுடைய வேன்கள் கேட்டுக்கு வெளியே தூசி படிந்து நின்றதைப் பெண்கள் தினமும் பார்த்தார்கள்.

ஆனால் அவள் சிவப்பு முனையைப் பார்த்திருந்தால்? பெண் கலர் பார்க்காமல் எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். சாமான் சரி, சில்லு சரி, கம்பெனி சரி.

ராஜகோபால் நேரில் வரவில்லை. மேனேஜர்கள் அப்படித்தான், நல்ல செய்திக்கு மட்டும் நேரில் வருவார்கள். ஏகநாதன்தான் குப்பத்துக்கு வந்தார், மணலில் ஷூவைப் புதைத்துக்கொண்டு. வருகிறவர்கள் முன்னால் சிவப்பைப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய இடத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். மீட்டரை நீங்களும்தானே பார்த்தீர்கள் என்று ஷர்மிளா கேட்டாள். பார்த்தேன், அது ஒரே ஒரு பீஸ், மீதியெல்லாம் சோதித்தாகிவிட்டது என்றார். சோதித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. சோதித்ததாகச் சொன்னார்கள்.

அவரை ஷர்மிளா வாசலோடு அனுப்பிவிட்டாள். அனுப்ப முடியாத ஆள் அடுத்த நாள் வந்தாள். பக்கத்து மேஜை ஃபரா. பல்லாவரத்துப் பெண். அவள் அப்பா ஹனீஃபா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷெட் மூடியதிலிருந்து வீட்டில் ஃபராவின் சம்பளம்தான். டிபன் டப்பாவை மாற்றிக்கொண்டு சாப்பிட்டு வளர்ந்த சிநேகம் அவர்களுடையது. மீட்டரில் என்ன எண் நின்றது என்பதை ஷர்மிளா முதலில் சொன்னதும் அவளிடம்தான். ஃபரா வந்ததும் அழுதாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"உன் கண்ணு எப்படியும் திரும்ப வராது ஷர்மி. நான் கேக்குறது தப்புன்னு எனக்கே தெரியுது. ஆனா கம்பெனி போச்சுன்னா நாங்க அத்தனை பேரும் எங்க போவோம், சொல்லு."

ஷர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணும் கொடுத்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் என்ற பேரையும் வாங்க வேண்டுமா? சுத்தமாக, கவனமாக வேலை செய்கிறவள் என்று பெயரெடுத்தவளைக் கலர் தெரியாத கபோதி என்று சொல்லச் சொல்கிறார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஆனால் தங்கை லோகநாயகி பன்னிரண்டாவது முடித்துவிட்டு அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டிருந்தாள். மழை நாளில் கூடை தூக்கின கழுத்து வலிக்கிறது என்று இரவெல்லாம் புரள்வாள். அதைப் பார்த்துத்தான் ஷர்மிளா இறங்கி வந்தாள். வேறு எதற்காகவும் இல்லை.

வெளிநாட்டுக்காரர் வந்த அன்று எல்லாப் பெண்களையும் மேஜையை விட்டு எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஏகநாதன் தரையைப் பார்த்தபடி நின்றார். ராஜகோபால் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு ஷர்மிளாவைப் பார்த்தார்.

"நீலம்னு நெனச்சி செவப்ப எடுத்துட்டேன் சார். கலர் பாக்கல. என் தப்புதான்."

வெளிநாட்டுக்காரர் வருத்தமாகத் தலையாட்டினார். பெண்கள் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சுச் சத்தம் ஷர்மிளாவுக்குக் கேட்டது. ஃபரா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் நன்றி இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நன்றி கொஞ்ச நாளைக்குத்தான் வரும்.

லோகநாயகி வேலைக்குச் சேர்ந்தாள். அக்காவின் மேஜை, அக்காவின் நாற்காலி, அக்காவின் மைக்ராஸ்கோப். பம்பை அணைக்காமல் எந்த முனையையும் பார்க்கக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். சில நாள் எல்லாரும் அதன்படி செய்தார்கள். தட்டு குறைந்தது. ஏகநாதன் முகம் கோணியது. பிறகு பழையபடி சிவப்புக்கு மட்டும் அணைத்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், முன்பு கொஞ்சநஞ்சம் இருந்த பயமும் இப்போது போய்விட்டது. நீல முனையால் யாருக்கும் எதுவும் ஆனதில்லையே. ஒருத்திக்குக் கண் போனது, அவள் சிவப்பைப் பார்த்ததால். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சியில் இதைக் கதையாகவே சொன்னார்கள்: கலரைப் பார், கலரைப் பார்த்துக் கை வை.

ஷர்மிளாவுக்கு இதெல்லாம் தெரியாது. அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்று நம்பியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூலிக்கு வலைக்காரர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கும்போது, எதிர்மாறு சில்லு மறுபடி தட்டுத் தட்டாக வந்திருப்பதாகவும், வேலை நெருக்குவதால் நீலத்துக்கு அணைப்பதேயில்லை என்றும் லோகநாயகி பேச்சுவாக்கில் சொன்னாள். ஷர்மிளாவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. தங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த முனையைப் பார்த்தேன், மீட்டரில் என்ன நின்றது, ஏகநாதன் குழாயை எங்கே போட்டார், எதற்காக அப்படிச் சொன்னேன், எல்லாம். சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போலக்கூட இருந்தது அவளுக்கு.

லோகநாயகி கேட்டுக்கொண்டாள். விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

விசாரித்தாள். திங்கட்கிழமை ஏகநாதனிடம் கேட்டாள். உங்கள் அக்காவுக்கு மனசு சரியில்லை, அப்படித்தான் தோன்றும், நீ வேலையைப் பார் என்றார். ஃபராவிடம் கேட்டாள். ஃபரா டிபன் டப்பாவை மூடினாள், திறந்தாள். பிறகு சிவப்புதான் என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு அது பொய்யாகத் தோன்றியதா, அல்லது அத்தனை மாதத்தில் அவளே நம்பத் தொடங்கிவிட்டாளா, எனக்குப் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. வேன் வருகிற ரோட்டோரத்தில் லோகநாயகி நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்திருந்தாள். ஷர்மிளா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். வேலை வேண்டாம், விட்டுவிடு, கூடை தூக்கினாலும் பரவாயில்லை என்றாள். சுப்புலட்சுமியும் வந்துவிட்டாள். இருக்கிற சோற்றில் மண்ணைப் போடாதே என்று பெரியவளைத்தான் திட்டினாள். தன் வேலை போன வயிற்றெரிச்சலில் சின்னவளையும் வீட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியே சொன்னாள். பெற்றவள் வாயிலிருந்து அது வந்தது. ஷர்மிளா அதையும் விழுங்கிக்கொண்டாள்.

"சத்தியமா சொல்றேன் நாயகி, நீலத்துல பாத்துதான் போச்சு. இடது கண்ண மூடிகினு ஒன்ன நேரா பாத்தா ஒன் மூஞ்சியே இல்ல. ஜடை கீது, காது கீது, மூஞ்சி இல்ல."

லோகநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அக்கா தன் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அக்காவின் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பதமாகச் சொன்னாள்.

"ஏகநாதன் சாரும் செவப்புன்றாரு, ஃபராக்காவும் செவப்புன்றாங்க. எல்லாருக்கும் முன்னாடி நின்னு நீயே செவப்புன்னு சொன்ன. இப்ப வந்து நீலம்னா எப்டிக்கா நம்புறது? ஒனக்கு கலர் மாறிப் போச்சு, அவ்ளோதான். எனக்கு மாறாது. நான் பாத்துதான் எடுப்பேன், நீ பயப்படாத."

வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் ஷர்மிளாவைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருத்தி நலம் விசாரித்தாள். லோகநாயகி கையை உருவிக்கொண்டு ஏறி, அக்கா முன்பு உட்கார்ந்து வந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேன் சோழிங்கநல்லூர் பக்கம் திரும்பிப் போயிற்று.